விண்டோஸ் லைவ் மெயிலை விட்டு வெளியேறுதல்: இருபத்திரண்டு ஆண்டு மடல்கள் புதிய கணினிக்குச் சென்ற ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

வீட்டிலிருந்தே பணிபுரியும் ஒரு மொழிபெயர்ப்பாளர், அறுபது வயதைக் கடந்தவர், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விண்டோஸ் 11 நிறுவப்பட்ட புதிய கணினி ஒன்றை வாங்கினார். பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அதன் வன்தட்டு சில மாதங்களாகவே இயங்கும்போது சத்தமிட்டுக்கொண்டிருந்தது. அவர் அன்றாடம் பயன்படுத்திய மின்னஞ்சல் மென்பொருள் விண்டோஸ் லைவ் மெயில். அதற்கு முன் எக்ஸ்பி கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தார். 2011இல் விண்டோஸ் 7க்கு வந்தபோது அந்த மடல்களை யாரோ ஒருவர் லைவ் மெயிலுக்குள் ஏற்றித் தந்திருந்தார்.

இரண்டு முகவரிகள் புழக்கத்தில் இருந்தன. வாடிக்கையாளர்களுக்கான முகவரி அவருடைய சொந்த இணையப் பெயரில், ஓர் இணைய இடவசதி நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. உறவினருக்கும் நண்பர்களுக்கும் உரியது ஓர் இலவச மின்னஞ்சல் சேவையைச் சேர்ந்தது. இரண்டுமே பாப்3 முறையில் அமைக்கப்பட்டிருந்தன. அதாவது, மென்பொருள் சர்வரைத் தொடர்புகொண்டு புதிய மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும், இறக்கி முடிந்ததும் சர்வரிலிருந்த பிரதி அழிந்துவிடும். சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கச் சொல்லும் தேர்வு இரண்டு கணக்கிலும் குறியிடப்படாமலே இருந்தது. ஆகவே, 2011உடன் நின்றுபோன ஒரு பழைய நகலைத் தவிர, 2003 முதல் அவருக்கு வந்த மடல்களும் அவர் எழுதிய மடல்களும் இருந்த ஒரே இடம், சத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த வன்தட்டுதான்.

கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலையை அவருடைய தம்பி மகன் ஏற்கெனவே முடித்திருந்தார். ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப் ஆகிய கோப்புறைகள் முழுமையாக வந்துசேர்ந்திருந்தன. அந்த வார இறுதியில் பழைய கணினியை ஃபார்மட் செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தார்கள். "எல்லாம் வந்துவிட்டது, மெயில் மட்டும் திறக்கவில்லை, அதே மென்பொருளை இதிலும் போட்டுக் கொடுத்தால் போதும்" என்பதுதான் எனக்கு வந்த வேண்டுகோள்.

முதல் நாளில் கண்டவை

லைவ் மெயில் தன் மடல்களை ஆவணங்கள் கோப்புறையில் வைப்பதில்லை. பயனர் கணக்கின் கீழ் இயல்பாகவே மறைத்துவைக்கப்பட்டிருக்கும் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள், ஒவ்வொரு மடலையும் தனித்தனி இஎம்எல் கோப்பாக அது சேமிக்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் நகலெடுத்த அந்த இளைஞரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் நகலெடுத்தவற்றில் ஒரு மடல்கூட இல்லை என்பதை உணர்த்தும் அறிகுறி எதுவும் திரையில் வந்திருக்காது. ஃபார்மட் செய்வதை நிறுத்திவைக்கச் சொன்னதுதான் நான் செய்த முதல் வேலை.

காப்புப்பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லி, ஒரு வெளி வன்தட்டை எடுத்துவந்தார். அதில் இருந்தவை 'டிபிஎக்ஸ்' என்று முடியும் கோப்புகள், அதாவது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்புறைக்கு ஒன்றாக எழுதிவைக்கும் கோப்புகள். கடைசிக் கோப்பின் தேதி 2011. பதினான்கு ஆண்டுகளாக அந்த வன்தட்டு அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதில் எதுவும் சேர்க்கப்படவில்லை.

கடவுச்சொற்கள் யாருக்கும் தெரியவில்லை. லைவ் மெயில் அவற்றைப் புள்ளிகளாக நினைவில் வைத்திருந்தது, அவ்வளவே. இலவசச் சேவையின் கணக்கை மீட்பதற்காகக் கொடுக்கப்பட்டிருந்த கைப்பேசி எண் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட எண். அன்றைக்குக் கணினி நின்றுபோயிருந்தால், பழைய மடல்களோடு முகவரியும் கைநழுவியிருக்கும்.

பணி முகவரியின் அமைப்புகளைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. மடல் பெறும் போர்ட் (சர்வரின் எந்த வாயிலில் நுழைவது என்று சொல்லும் எண்) 110 என்றும், மறையாக்கம், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது, இல்லை என்றும் இருந்தது. ஓராண்டுக்கு முன் மடல்கள் வராமல் நின்றபோது, பழுதுபார்க்க வந்த ஒருவர் இப்படி மாற்றியதும் வரத் தொடங்கின என்று அவர் நினைவுகூர்ந்தார். நடந்ததை ஊகிக்க முடிகிறது. டிஎல்எஸ் மறையாக்கத்தின் 1.0, 1.1 பதிப்புகளைக் கைவிட வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் முறையாக அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சர்வர்கள் 1.2க்கு மாறின. விண்டோஸ் 7இல் 1.2 இருந்தாலும் அது இயல்பாக இயக்கப்பட்டிருக்காது. சர்வரும் மென்பொருளும் பொதுவான ஒரு பதிப்பில் சந்திக்க முடியாமற்போனபோது, வந்தவர் பூட்டைச் சரிசெய்வதற்குப் பதிலாகக் கதவையே கழற்றிவைத்துவிட்டார். அன்று முதல் பணி முகவரியின் கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் வெற்றெழுத்தாகவே இணையத்தில் போய்க்கொண்டிருந்தது.

எனது தவறு ஒன்றையும் இங்கேயே பதிவு செய்ய வேண்டும். நிலைமையைப் பார்ப்பதற்காக, பழைய கணினி இணையத்தோடு இணைந்திருக்கும்போதே லைவ் மெயிலைத் திறந்துவிட்டேன். திறந்த உடனேயே அது தன் வழக்கப்படி 17 புதிய மடல்களை இறக்கிக்கொண்டது. சர்வரில் அவை இல்லாமற்போயின. பழுதாகும் தறுவாயில் இருந்த வன்தட்டின்மேல் இன்னும் 17 மடல்களின் பாரத்தை நானே ஏற்றிவைத்தேன் என்றாகிறது. இணைய வடத்தைப் பிடுங்கிவிட்டுத் திறந்திருக்க வேண்டும்.

கேட்டதைச் செய்யாததன் காரணம்

அதே மென்பொருளைப் புதிய கணினியில் நிறுவுவது இயலாத காரியம் அல்ல. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2017 ஜனவரி 10 அன்று முடித்துக்கொண்டாலும், பழைய நிறுவல் கோப்பு கைவசம் இருப்பவர்கள் புதிய விண்டோஸ்களிலும் அதை ஓட்டுகிறார்கள். அவருடைய விருப்பத்தை அறியாமை என்று தள்ளிவிடவும் நான் விரும்பவில்லை. பதினான்கு ஆண்டுகளாகக் கை பழகிய கருவியை, வேலை நெருக்கடிக்கு நடுவில் மாற்றச் சொல்வது சிறிய சுமை அல்ல.

இருந்தும் இரண்டு காரணங்கள் எதிராக நின்றன. லைவ் மெயில் அலங்கார மடல்களைக் காட்டுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் உள்ளியந்திரத்தை நம்பியிருக்கிறது. எட்டு ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் பெறாத ஒரு மென்பொருள், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மடல்களை அதைக்கொண்டு திறப்பது, அறியாத வாடிக்கையாளர்களின் கோப்புகளை நாள்தோறும் திறக்க வேண்டிய தொழிலுக்குப் பொருந்தாது. இரண்டாவது, உள்நுழையும் முறையே மாறிக்கொண்டிருக்கிறது. கூகுள் 2022 மே 30 முதல் வெறும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் செயலிகளைத் தனிநபர் கணக்குகளில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் மின்னஞ்சல் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 அன்று அவ்வாறே செய்தது. கூகுளில் செயலிக்கென்று தனியே பதினாறு எழுத்துக் கடவுச்சொல் வாங்கி இன்னும் சிறிது காலம் ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த முறை கதவு அடைபடும்போது அவருடைய மடல்கள் மீண்டும் இதே நிலையில்தான் இருக்கும்: ஒரே வன்தட்டில், ஒரே மென்பொருளின் கைக்குள்.

இதை அவரிடம் விளக்கியபோது, மென்பொருளைப் பற்றிய பேச்சு அவரை அசைக்கவில்லை. மடல்களின் ஒரே பிரதி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

தேர்ந்தெடுத்த வழி

மடல்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம். மென்பொருளை அதன் பிறகு தேர்ந்தோம். இனி வருபவை ஐமேப் முறையில் சர்வரிலேயே தங்கும். கணினியும் கைப்பேசியும் அதே பெட்டியைப் பார்க்கும். பழையவை மொத்தம் 9.6 ஜிபி. பணி முகவரிக்கு இடவசதி நிறுவனம் ஒதுக்கியிருந்தது 5 ஜிபி. எனவே கடைசி மூன்று ஆண்டு மடல்களை மட்டும் சர்வருக்கு ஏற்றுவது, மற்றவற்றைப் புதிய கணினியின் உள்ளூர்க் கோப்புறைகளில் வைத்து வெளி வன்தட்டில் ஒழுங்காகப் பிரதி எடுப்பது என்று தீர்மானித்தோம்.

விண்டோஸுடன் முன்பு வந்த மெயில் செயலி 2024 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்துவிட்டது. அதன் இடத்தில் இருப்பது புதிய அவுட்லுக். அதில் பிற நிறுவனங்களின் ஐமேப் கணக்கைச் சேர்த்தால், அம்மடல்கள் மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்போடும் ஒத்திசைக்கப்படுகின்றன. பலருக்கு இது பொருட்டாக இருக்காது. இவருடைய வாடிக்கையாளர்களில் சிலரோ, தங்கள் ஆவணங்கள் மூன்றாவது இடத்துக்குப் போகக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆகவே தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தோம். அது இலவசம், திறமூலம், புதிய உள்நுழைவு முறைகளை அறிந்தது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது, அது மடல்களைச் சேமிக்கும் எம்பாக்ஸ் வடிவத்தை வேறு பல மென்பொருள்களும் படிக்கும் என்பதே. இவருடைய அடுத்த இடமாற்றத்தை யார் செய்தாலும் அவருக்கு அது உதவும்.

மாற்றம் நடந்த விதம்

இணைய வடத்தை அகற்றிவிட்டு, லைவ் மெயில் கோப்புறை முழுவதையும் இரண்டு வெளி வன்தட்டுகளுக்கு நகலெடுத்தேன். நலிந்த வட்டிலிருந்து ஏறத்தாழ நாற்பதாயிரம் சிறு கோப்புகளைப் படிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகே லைவ் மெயிலைத் திறந்து, ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை மடல்கள் என்று தாளில் குறித்தோம். அறுபத்தொரு கோப்புறைகள், மொத்தம் 38,412 மடல்கள். சலிப்பூட்டும் இந்த வேலையை அவரே செய்தார். எந்தக் கோப்புறை எதற்கானது என்று அவருக்குத்தான் தெரியும்.

லைவ் மெயில் வன்தட்டில் தன் கோப்புறைப் பெயர்களைச் சுருக்கி வெட்டி வைத்துக்கொள்வதால், அந்த நகலை நேரடியாகப் புதிய மென்பொருளுக்குள் இழுத்தால் பெயர்கள் பாழாகிவிடும். அதனால் லைவ் மெயிலின் ஏற்றுமதி வசதியையே பயன்படுத்தி, முழுப் பெயர்களோடு கூடிய கோப்புறைகளில் இஎம்எல் கோப்புகளாக வெளியே எடுத்தோம். முகவரிப் புத்தகம் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக வந்தது. அதில் ஆட்கள் வந்தார்கள், அவர் பிரித்துவைத்திருந்த குழுக்கள் வரவில்லை. குழுக்களைக் கையால் மறுபடி அமைக்க ஒரு மாலை போயிற்று.

இதற்கிடையில் கடவுச்சொற்களைக் கவனித்தோம். பணி முகவரிக்கு இடவசதி நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்திலிருந்து புதியது அமைப்பது எளிதாக இருந்தது. இலவசச் சேவைதான் சிக்கல். பழைய கணினியின் உலாவியில் அக்கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருந்தது என்பது வெறும் நற்பேறு. பழைய கணினியை இதற்கென்று மட்டும், லைவ் மெயிலை மூடிவைத்து, இணையத்தில் இணைத்தோம். அந்த உலாவி வழியே மீட்பு எண்ணை முதலில் மாற்றி, பின்னர் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கினோம். அந்த உலாவியை முன்கூட்டியே யாராவது சுத்தம் செய்திருந்தால் இந்தப் பத்தியை வேறுவிதமாக எழுத நேர்ந்திருக்கும்.

புதிய கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, இரண்டு கணக்குகளையும் ஐமேப் 993 போர்ட்டில், முழு மறையாக்கத்தோடு அமைத்தோம். இஎம்எல் கோப்புகளைத் தண்டர்பேர்ட் தானாக ஏற்றுக்கொள்வதில்லை. 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற துணைநிரலைச் சேர்த்தால், உட்கோப்புறைகளோடு மொத்தமாக ஏற்றிவிடலாம்.

எண்ணிக்கையில் 23 குறைந்தது

ஏற்றி முடித்ததும் தாளோடு ஒப்பிட்டோம். அறுபது கோப்புறைகள் சரியாக இருந்தன. பணி முகவரியின் உள்பெட்டியில் மட்டும் 14,906 இருக்க வேண்டிய இடத்தில் 14,883 இருந்தன. முதலில் துணைநிரலைச் சந்தேகித்து மறுபடியும் ஏற்றினேன். அதே எண்தான் வந்தது. பின்னர்தான் புதிய கணினியின் வைரஸ் தடுப்பு நிரலின் பதிவேட்டைத் திறந்து பார்க்கத் தோன்றியது. 2004க்கும் 2009க்கும் இடையில் வந்த 23 மடல்களின் இணைப்புக் கோப்புகளில் பழைய வைரஸ்கள் இருந்ததால், நகலெடுக்கும்போதே அவற்றைச் சிறைப்படுத்தியிருந்தது.

பட்டியலை அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். இருபத்தொன்று வெறும் குப்பை. எஞ்சிய இரண்டு உண்மையான வாடிக்கையாளர்கள், தங்கள் கணினி தாக்கப்பட்டது அறியாமல் அனுப்பியவை. அவற்றின் எழுத்துப் பகுதியை மட்டும் தனியே எடுத்துவைத்தோம். ஒரு நல்ல செய்தியும் இதில் உண்டு. எம்பாக்ஸ் வடிவத்தில் ஒரு கோப்புறையின் மடல்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கும் என்பதால், ஏற்றிய பிறகு இந்த வைரஸ்கள் பிடிபட்டிருந்தால் உள்பெட்டி முழுவதுமே சிறைக்குப் போயிருக்கலாம். தனிக் கோப்புகளாக இருந்தபோதே பிடிபட்டதால் 23 மட்டும் போயின.

பழைய தமிழ் மடல்கள்

எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்த மறுநாள், 2003 முதல் 2006 வரையிலான தமிழ் மடல்கள் எல்லாம் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன என்று அழைத்தார். அவை யூனிகோடுக்கு முந்தைய பழக்கத்தில், திஸ்கி எழுத்துருவில் எழுதப்பட்டவை. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கும்; திஸ்கியில் அந்த எண் வரிசையின் கீழ்ப் பாதியில் ஆங்கிலமும் மேல் பாதியில் தமிழும் இருக்கும். அனுப்பிய மென்பொருள்களோ மடலின் தலைப்பகுதியில் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று அறிவித்துவிடும். பழைய கணினியில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான எழுத்துருவாகத் திஸ்கி எழுத்துருவையே யாரோ அமைத்திருந்ததால், பொய்யான அறிவிப்பும் பொய்யான அமைப்பும் சேர்ந்து சரியான தமிழைக் காட்டிவந்தன. புதிய கணினி தலைப்பில் உள்ளதை அப்படியே நம்பி, மேற்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டியது.

அதே எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவி, அதே ஏமாற்று வேலையைச் செய்து பார்த்தோம். பெரும்பாலும் பலித்தது, சில மடல்களில் மட்டும் 'இ' என்ற எழுத்து அடியோடு காணாமற்போயிருந்தது. திஸ்கியில் அந்த எழுத்துக்குரிய இடங்களில் ஒன்றான 173, ஐரோப்பிய வரிசையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு உரியது. இன்றைய மென்பொருள்கள் அதைக் காட்டுவதில்லை. மடல்களையே யூனிகோடாக மாற்றி எழுதிவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மூலத்தைத் தொட்டு மாற்றினால், மாற்றியில் ஏதேனும் பிழை நேர்ந்தால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அவருக்கு இன்னும் தேவைப்படும் அறுபது மடல்களை மட்டும் எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடில் தனிக் கோப்புகளாகச் சேமித்தோம். மூல மடல்கள் வந்த கோலத்திலேயே இருக்கின்றன.

பின்னர் நடந்தவை

ஒரு மாத காலம் பழைய கணினி இணையம் இல்லாமல் ஓரமாக இருந்தது. அந்த மாதத்தில் மூன்று நிகழ்வுகள்.

இரண்டாம் வாரத்தில் அவர் கைப்பேசியில் இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி நாற்பது சொச்சம் மடல்களை நீக்கினார். கணினியில் பிரதி இருக்கும் என்பது இருபதாண்டு பாப்3 பழக்கம் கற்றுத்தந்த நம்பிக்கை. ஐமேப்பில் ஓரிடத்தில் நீக்கியது எல்லா இடத்திலும் நீங்கும். குப்பைத்தொட்டிக் கோப்புறையில் இருந்ததால் மீட்டுவிட்டோம். மாற்றத்தின்போது அமைப்புகளைப் பற்றி நிறையப் பேசினேன், இந்தப் பழக்க வேறுபாட்டைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்பது அப்போது உறைத்தது.

அடுத்தது காப்புப்பிரதி. தண்டர்பேர்டின் ஏற்றுமதிக் கருவி, 2 ஜிபிக்கு மேற்பட்ட தரவை ஏற்பதில்லை. எனவே மென்பொருளை மூடிவிட்டு அதன் சுயவிவரக் கோப்புறையை முழுதாக வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும் முறையை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று செய்கிறார். ஒருமுறை தவறியதாகவும் சொன்னார்.

மூன்றாவது நான் எதிர்பாராதது. ஒரு வாடிக்கையாளருடன் 2007இல் ஒப்புக்கொண்ட கட்டண விவரம் தேவைப்பட்டுத் தேடியபோது, அந்த ஆண்டின் அனுப்பிய மடல்கள் ஒன்றுகூட இல்லை. தண்டர்பேர்டில் மட்டுமல்ல, லைவ் மெயிலிலும் இல்லை. தாளில் குறித்த எண்ணிக்கை இதைக் காட்டிக்கொடுத்திருக்க முடியாது, ஏனெனில் இழப்பு 2011இலேயே நேர்ந்தது. அலமாரியிலிருந்த அந்த வெளி வன்தட்டை மீண்டும் எடுத்தோம். அதில் 2007க்கான டிபிஎக்ஸ் கோப்பு, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அனுமதிக்கும் 2 ஜிபி எல்லையை முட்டிக்கொண்டு நின்றது. அது சிதைந்ததால்தான் அப்போதைய மாற்றத்தின்போது சத்தமின்றித் தவறவிடப்பட்டிருக்க வேண்டும். 'அன்டிபிஎக்ஸ்' என்ற திறமூலக் கருவி, சிதைந்த டிபிஎக்ஸ் கோப்பிலிருந்தும் மடல்களை இஎம்எல்களாகப் பிரித்தெடுக்க வல்லது. பெரும்பகுதி மீண்டது; கட்டண விவரமும் அதில் இருந்தது. முதல் நாளில் பயனற்றது என்று நான் மனத்துக்குள் ஒதுக்கிய வன்தட்டு அது.

மறுமுறை மாற்றிச் செய்வன

பழைய மென்பொருளைத் திறக்கும் முன் இணையத்தைத் துண்டிப்பது, முதல் நகலை எடுத்த பிறகே எதையும் தொடுவது ஆகிய இரண்டையும் இனி விதியாகவே வைத்துக்கொள்கிறேன். வைரஸ் தடுப்பு நிரலின் பதிவேட்டை, எண்ணிக்கை குறைந்த பிறகு தேடாமல், நகலெடுத்த உடனேயே பார்ப்பேன்.

எண்ணிக்கை ஒப்பீட்டை மட்டும் நம்பமாட்டேன். கோப்புறைவாரியாக எண்ணியதோடு ஆண்டுவாரியாகவும் எண்ணியிருந்தால், 2007இன் வெற்றிடம் அன்றே தெரிந்திருக்கும்; அவரும் அந்த ஆண்டு வேலை செய்யாமலா இருந்தேன் என்று கேட்டிருப்பார். வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு பழைய வட்டையும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், மாற்றம் முடிந்து சரிபார்க்கும் வரை கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

மூன்று ஆண்டு மடல்களை மட்டும் சர்வருக்கு ஏற்றிய முடிவு சரியா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. அவர் கைப்பேசியில் தேடுவது பெரும்பாலும் அதற்கும் முந்தைய மடல்களைத்தான். இடவசதியைக் கூட்டி ஆறேழு ஆண்டுகளை ஏற்றியிருக்கலாம். இதுபற்றி அவரோடு மறுபடி பேசுவதாக இருக்கிறோம். பழைய கணினியின் வன்தட்டை இப்போது தனியே கழற்றி, தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். கணினியின் மற்ற பாகங்கள் மட்டும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன.